கொழும்பு மழைக்காலத்தில் ஹஸ்கி நாயின் முடியைக் காய வைப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பொன்றில் வசிக்கும் எங்களிடம் சைபீரியன் ஹஸ்கி ஒன்று வளர்கிறது. (இந்த வெக்கைக்குள் ஹஸ்கியா என்று கேட்பவர்களுக்கு: வெளிநாடு சென்ற உறவினர் ஒப்படைத்துவிட்டுப் போன பிள்ளை அது.)

குளிர் நாடுகளில் பகற்பொழுது நீண்டு குறுகுவதை ஒட்டி இவ்வினம் பெரும்பாலும் ஆண்டுக்கு இரு தடவை அடிமுடியை (மேல்முடிக்கு உள்ளே தோலையொட்டி அடர்ந்திருக்கும் மென்முடியை) மொத்தமாக உதிர்க்கும். பகல் எப்போதும் ஏறத்தாழ 12 மணித்தியாலமாகவே இருக்கும் கொழும்பிலோ அந்த ஒழுங்கு குலைந்து, ஆண்டு முழுவதும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. மேல்முடி வெயிலிலிருந்து தோலைக் காப்பதாலும், மழித்தால் சில வேளைகளில் பழையபடி வளராது என்பதாலும், மொட்டையடிக்கச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்கவில்லை.

உண்மையான சிக்கல் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில்தான். குளிப்பாட்டித் துவட்டி மின்விசிறியின் கீழ் விட்டாலும், தோலையொட்டிய முடி ஈரமாகவே கிடந்து, காதுக்குப் பின்னாலும் வாலடியிலும் சிக்குப் பிடித்து, தோல் சிவந்துபோகிறது. மிருக வைத்தியர் பூச்சு மருந்து தந்துள்ளார்.

சூடில்லாத காற்றை வேகமாக வீசும் உலர்த்தியைக் கொழும்பில் எங்கே வாங்கலாம்? கத்தரிக்காமல் அடிமுடியை மட்டும் வாரியெடுக்கும் நிலையம் தெஹிவளைப் பக்கம் உண்டா? மழைக்காலத்தில் எத்தனை நாளுக்கொரு தடவை குளிப்பாட்டுகிறீர்கள்? அடர்முடி நாய் வளர்ப்போர் தங்கள் நேரடி அனுபவத்தைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.