இ-பாஸ் வந்தும் ஊட்டியில் நெரிசல் ஏன் குறையவில்லை?

குன்னூர்வாசி:
உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 சீசனில் உச்சவரம்பும் வந்தது: வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000. அப்படியும் மலர்க் கண்காட்சி சமயத்தில் சேரிங் கிராஸில் டவுன் பஸ் நகர்வதில்லை. கணக்கு எங்கே இடிக்கிறது? சுற்றுலாவை நம்பிப் பிழைப்பவர்கள் வயிற்றில் அடிக்காமல் என்ன செய்யலாம்?

மலைச்சாலை:
உச்சவரம்பு ஒரு நாளில் ஏறும் வண்டிக்குத்தான். மேலே எத்தனை வண்டி இருக்கலாம் என்பதற்கு வரம்பில்லை. எல்லாரும் இரண்டு இரவு தங்குவதாக வையுங்கள். வெள்ளி 6,000, சனி 8,000, ஞாயிறு 8,000 ஏறினால், வெள்ளி வந்தவர்கள் இறங்கும்வரை மேலே 22,000 வண்டி. டிஎன் 43 உள்ளூர் வண்டிகள் இதில் சேராது, அவற்றுக்குப் பாஸ் வேண்டாம்.

விண்ணப்பத்திலேயே வரும் தேதி, போகும் தேதி, தங்குமிடம் எல்லாம் கேட்கிறார்கள். அதை வைத்து 'இன்றிரவு மேலே தங்கும் வண்டி' என்று எண்ணி ஒதுக்குவதுதான் சரி. அதற்கு இறங்கும்போதும் கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச்சாவடிகளில் பாஸின் கியூஆர் ஸ்கேன் செய்ய வேண்டும். பாஸ் எடுத்துவிட்டு வராதவர், ஒரு நாள் முன்னதாகவே இறங்கியவர் இடமெல்லாம் அப்போதுதான் அடுத்தவருக்குக் கிடைக்கும்.

சோதனையைச் சாலையிலேயே வைக்கக் கூடாது. வண்டிக்கு 20 விநாடி ஆனால் ஒரு வரிசையில் மணிக்கு 180 வண்டிதான் போகும். மணிக்கு 500 வந்தால் மூன்று வரிசை வேண்டும், இல்லாவிட்டால் வால் மேட்டுப்பாளையம்வரை நீளும்.

கேத்தி கேரட்:
எனக்கென்னவோ ஊருக்குள் சுற்றுவதுதான் பெரிய தலைவலி என்று தோன்றுகிறது. தாவரவியல் பூங்கா, ஏரி, ரோஜாப் பூங்கா, தொட்டபெட்டா என்று ஒரே கார் நான்கு தடவை பார்க்கிங் தேடுகிறது. காரை விடுதியில் விட்டுவிட்டு சீசன் சுற்றுப்பேருந்தில் போகச் சொல்லலாம். ஆனால் அந்தப் பேருந்தும் அதே நெரிசலில் நின்றால் யார் ஏறுவார்கள்? பள்ளி தொடங்கும், விடும் நேரங்களிலாவது கமர்ஷியல் ரோட்டில் ஓரமாக நிறுத்துவதை அடியோடு தடுக்க வேண்டும். உள்ளூர் பஸ்ஸும் ஆம்புலன்ஸும் அதனால்தான் மாட்டுகின்றன.

குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம் என்ற சீசன் ஒருவழி குன்னூருக்கு நிம்மதி. இறங்கும் கார் மொத்தமும் கோத்தகிரிக்காரர்கள் தலையில் விழுகிறது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு அங்கிருந்து காய்கறி ஏற்றிப்போகும் லாரிக்குப் பாஸ் விலக்கு இருந்து என்ன பயன், நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதபோது?

குன்னூர்வாசி:
நன்றிங்க. மலைச்சாலை சொல்வதுபோல் மேலே தங்கும் வண்டியை எண்ணி ஒதுக்கினால் ஆள் வரத்து குறைந்து அறைகள் காலியாகாதா?

மலைச்சாலை:
எண்ணுவது வண்டியைத்தான், ஆளை இல்லை. இரண்டு பேர் வரும் காருக்கும் பன்னிரண்டு பேர் வரும் வேனுக்கும் ஒரே பாஸ். வேனுக்கு முன்னுரிமை கொடுத்தால் அதே எண்ணிக்கையில் ஆள் கூடும். கோவை மேட்டுப்பாளையம் சாலை பேருந்து நிலையத்திலிருந்து அரசு பஸ்ஸில் வருபவருக்குப் பாஸே தேவையில்லை. அறை பதிவானதும் விடுதிக்காரர் அனுப்பும் செய்தியிலேயே இதைப் போட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து விடுதிக்கு ஆட்டோ கட்டணம் எவ்வளவு என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பாதிப் பேர் கார் எடுக்க யோசிப்பார்கள்.