குவாத்ரோருவோத்தே ஸகாட்டோ: காலையில் இரண்டாம் கியர் அரைக்கிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். பலெர்மோவில் ஒரு கராஜில் வேலை செய்கிறேன். 1966ஆம் ஆண்டு அல்ஃபா ரோமியோ கிரான் ஸ்போர்ட் குவாத்ரோருவோத்தே ஒன்று வந்திருக்கிறது, ஸகாட்டோ பட்டறையில் கையால் செய்த திறந்த கார், மொத்தமே 92தான் செய்தார்கள். காலையில் எடுத்தவுடன் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் கரகரவென்று அரைக்கிறது, கியர்த் தடி உள்ளங்கையில் அதிர்கிறது. பத்துக் கிலோமீட்டர் ஓடிய பிறகு சத்தம் குறைந்துவிடும். பார்க்க 1930ஆம் ஆண்டு அல்ஃபா ரோமியோ 6சி 1750 கார் மாதிரியே இருப்பதால் அதற்குரிய கியர்பாக்ஸ் சாமான்களைத் தேடித் தேடிக் களைத்துப் போனேன். போன வருடம் வேறொரு கராஜில் கியர் ஒயில் மாற்றினார்களாம். பெட்டியைக் கழற்றத்தான் வேண்டுமா? இப்படி ஒரு வண்டியில் தேவையில்லாமல் கை வைக்க மனம் வரவில்லை.

பதில்:
தம்பி, 6சி சாமான் தேடுவதை விடுங்கள். 1930 மில்லே மிலியா கார்ப் பந்தயத்தில் நுவோலாரி வென்றாரே, அந்த வகையின் உருவம் மட்டும்தான் இதற்கு, உள்ளே இருப்பது அல்ஃபாவின் ஜூலியா டிஐ காரின் எஞ்சினும் கியர்பாக்ஸும். குவாத்ரோருவோத்தே என்ற கார் இதழின் ஜான்னி மாத்சோக்கிக்கு வந்த யோசனை அது, 1965 முதல் 1967 வரை செய்தார்கள். 1570 சிசி, நாலு சிலிண்டர். கியரை எண்ணிப் பாருங்கள், ஐந்து இருக்கும், 6சிக்கு நாலுதான். ஜூலியா சாமான் இன்றைக்கும் வாங்கலாம்.

அப்புறம், முதலில் ஒயிலைப் பாருங்கள். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிங்க்ரோ வளையம் உரசிப் பிடித்தால்தான் கியரின் வேகம் சமமாகும். டிஃபரென்ஷலுக்கான (பின் அச்சுப் பல்சக்கரங்களுக்கான) ஜிஎல்-5 தர ஒயிலை ஊற்றியிருந்தால் வளையம் பிடிக்காமல் வழுக்கும். இந்தப் பெட்டிகளில் முதலில் தேய்வதும் இரண்டாம் கியர்தான், அதனால் அங்கேதான் சத்தம் கேட்கும்.

இன்னொரு பதில்:
அண்ணை சொன்னது சரி, ஆனால் ஒயிலை இறக்கமுன் கிளச்சையும் ஒருக்கால் பாருங்கள். எஞ்சின் ஐடிலில் ஓடட்டும், கிளச்சை முழுதாக மிதித்து ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் அரைத்தால் கிளச் முழுதாக விடவில்லை, பெடலின் ஆட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்.

கேட்டவர்:
ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. ஒயிலை ஒரு வெள்ளைத் தட்டில் இறக்கினேன், கந்தக நாற்றம் மூக்கைத் துளைத்தது. காந்தத்தை விட்டுத் துழாவினேன், சாம்பல் நிறத்தில் பசை மாதிரி மெல்லிய தூள்தான் ஒட்டியது, பல் உடைந்த துண்டு ஒன்றும் இல்லை. பழைய பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் ஜிஎல்-5 என்றே எழுதியிருக்கிறது.

பதில்:
துண்டு இல்லையென்றால் பெட்டியைத் தொடவே வேண்டாம். 80டபிள்யூ-90 தடிப்பில் மினரல் ஒயில், கியர்பாக்ஸுக்கான ஜிஎல்-4 தரம் பார்த்து ஊற்றுங்கள். நன்றாகச் சூடேற ஓட்டி, சூட்டோடு இறக்கி, இன்னொரு தரம் புதிதாக ஊற்றினால் பழையது மிச்சமில்லாமல் போகும்.

கேட்டவர்:
இரண்டு தரம் மாற்றியாச்சு. மூன்று காலையாக ஓட்டிப் பார்த்தேன். முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டரில் மட்டும் லேசாக உரசுகிறது, அதுவும் நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளச் மிதித்து இறக்கினால் இல்லை. வளையம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது போல, உரிமையாளரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். இப்போதைக்குக் கழற்ற வேண்டாம், சூடாகும்வரை இப்படியே ஓட்டுகிறேன் என்றார். ஒயிலின் பெயரையும் தேதியையும் அட்டையில் எழுதிக் காரிலேயே வைத்திருக்கிறேன், அடுத்தவர் மாற்றி ஊற்றிவிடக் கூடாது. இரண்டு பேருக்கும் நன்றி அண்ணை.