அலாஸ்கா க்ரூஸ் முதல் தடவை - எங்க ஏறலாம், எந்த மாசம் போலாம்?

எல்லாருக்கும் வணக்கம், அடுத்த வருஷம் அம்மா அப்பாவ கூட்டிட்டு அலாஸ்கா க்ரூஸ் போலாம்னு இருக்கோம், எங்க யாருக்குமே கப்பல் பயணம் இதுதான் முதல் தடவை. அப்பாவுக்கு பனிப்பாறை உடைஞ்சு கடல்ல விழறத பாக்கணும், அம்மாவுக்கு திமிங்கலம், கேசினோ ஷோ எல்லாம் எங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

பனிப்பாறைகள் இருக்கற க்ளேசியர் பே நேஷனல் பார்க்குக்குள்ள ஒரு நாளைக்கு 2 பெரிய க்ரூஸ் கப்பலுக்குத்தான் அனுமதி, அதனால அங்க போற கப்பலா பாத்துதான் புக் பண்ணணும்னு நினைக்கிறேன். இல்ல ஹப்பர்ட் க்ளேசியர்ங்கற இன்னொரு பனிப்பாறையே போதுமா? ரெண்டையும் நேர்ல பாத்தவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க.

பெரிய குழப்பம் எங்க ஏறுறதுங்கறதுதான். சியாட்டில்னா ஃப்ளைட் ஈஸி, ஆனா அங்கேருந்து கிளம்புற கப்பல் நிறைய வான்கூவர் தீவுக்கு மேற்கு பக்கமா திறந்த கடல்லதான் போகுது, அலை ஜாஸ்தி, அம்மாவுக்கு பஸ்ல போனாலே தலை சுத்தும். கனடாவோட வான்கூவர் நகரத்துல ஏறினா தீவுகளுக்கு நடுவுல அமைதியான தண்ணி. அவங்க ரெண்டு பேரும் இந்தியன் பாஸ்போர்ட், சியாட்டில் கப்பலும் பெரும்பாலும் கனடாவுல இருக்கற விக்டோரியால நிக்கிறதால கனடா விசா எப்படியும் வேணும், அப்போ வான்கூவரே மேல்னு எனக்கு தோணுது, சரிதானா?

மே மாசம் மழை கம்மி, ஆனா கரடி சால்மன் பிடிக்கிறத பாக்கணும்னா ஜூலை கடைசி, ஆகஸ்ட்தான் நல்லது போல. அலாஸ்கா தலைநகர் ஜூனோல (Juneau) திமிங்கலம் பாக்க தனியா சின்ன போட் எடுக்கணுமா, இல்ல கப்பல் டெக்லேருந்தே நல்லா தெரியுமா? பால்கனி ரூமுக்கு அவ்ளோ காசு குடுக்கலாமா? வயசானவங்கள கூட்டிட்டு போனவங்க இருந்தா குளிருக்கு என்ன எடுத்துட்டு போனீங்கன்னும் சொல்லுங்க.