மூண்டில இருந்து இரண்டுக்குப் போடேக்க கார் குத்துப்படுது: கியர் குறைக்கிறதை எப்பிடிப் பழகிறது?

கொக்குவில்:

அல்டோ 800, பெற்றோல், ஐஞ்சு கியர். இவ்வளவு காலமும் ஒட்டோ கியர்தான் ஓடினது, மனுவல் இப்பத்தான். கியர் கூட்டேக்க ஒரு கரைச்சலும் இல்லை. குறைக்கேக்கதான் சிக்கல். மூண்டில இருந்து இரண்டுக்குப் போட்டுக் கிளச்சை விட, கார் மூக்குக் குத்தி எல்லாற்ற தலையும் ஆடுது. பலாலி வீதியில இருந்து ஒழுங்கைக்குள்ள திரும்பேக்க, ரயில் கடவைக்குக் கிட்டப் போகேக்க எண்டு மணிக்கு 35, 40 கிலோமீற்றரில இது நடக்குது. சிலவேளை இரண்டாம் கியர் விழேக்க 'கர்ர்' எண்டு ஒரு சத்தமும் வரும்.

இது கால் பழக்கத்தின்ர பிழையோ, காரின்ர பிழையோ? ஆர்.பி.எம். மீற்றர் இல்லாத காரில எஞ்சின் எவ்வளவு சுத்துது எண்டு எப்பிடிப் பிடிக்கிறது? அடுத்த மாதம் ஏ9 வீதியால கண்டிக்கும் அங்கால நுவரெலியாவுக்கும் போக இருக்கு. அதுக்கு முதல் இதைச் சரிப்படுத்த வேணும்.

தென்மராட்சி:

குத்துறது பெரும்பாலும் கால் பழக்கம். 'கர்ர்' வேற பிரச்சினை, அதைத் தனியாப் பாக்க வேணும்.

ஏன் குத்துது எண்டு முதல் விளங்கினா மிச்சம் சுகம். உங்கட மாதிரிச் சின்னக் கார் 40இல மூண்டாம் கியரில போகேக்க எஞ்சின் நிமிசத்துக்கு ஏறத்தாழ 2,200 சுத்து. அதே 40இல இரண்டாம் கியரெண்டால் 3,200 கிட்ட வேணும். நீங்கள் கிளச்சை அமத்தி, அக்சிலேற்றரில இருந்து காலையும் எடுத்திட்டால் எஞ்சின் 1,000ஐப் பாத்து விழத் தொடங்கியிடும். அந்த நேரம் கிளச்சை டக்கெண்டு விட்டா, 1,000இல கிடக்கிற எஞ்சினை 3,200க்கு இழுத்துத் தூக்கிறது சில்லுகள்தான். அதுக்குத் தேவையான பலத்தைக் காரின்ர ஓட்டத்தில இருந்துதான் எடுக்க வேணும். அதுதான் குத்து. ஒவ்வொரு முறையும் கிளச் பிளேட்டும் அதில தேயுது.

வழி இரண்டு இருக்கு. எதை எங்க பாவிக்கிறது எண்டதில பிழை விட வேண்டாம்.

ஒழுங்கைக்குத் திரும்பிறதெண்டால் எஞ்சினால வேகம் குறைக்கப் பாக்காதேங்கோ. பிரேக் எதுக்கு இருக்கு? மூண்டாம் கியரிலயே பிரேக்கை மெல்லமா அமத்தி 20க்குக் கொண்டு வாங்கோ. பேந்து கிளச்சை அடிமட்டும் அமத்தி இரண்டைப் போடுங்கோ. கிளச் பிடிக்கத் தொடங்கிற இடம் வரைக்கும் காலைக் கெதியாக் கொண்டு வந்து, அதில ஒரு செக்கன் நிப்பாட்டி, மிச்சத்தை ஆறுதலா விடுங்கோ. 20இல இரண்டாம் கியருக்கு 1,600 சுத்துத்தான் வேணும், அதாலதான் குத்து வராது. ஸ்டியரிங்கைத் திருப்ப முதலே கிளச் முழுக்க விட்டு முடிஞ்சிருக்க வேணும். அரைக் கிளச்சோட முடக்குக்குள்ள போறது கூடாத பழக்கம். நாலில வந்தால் மூண்டுக்கு வந்து பிறகு இரண்டு எண்டு படிபடியா இறங்கவும் தேவையில்லை. பிரேக் பிடிச்சு 20க்கு வந்தாப் பிறகு நாலில இருந்து நேர இரண்டு போடலாம்.

வேகம் குறையக் கூடாத இடத்தில, அதாவது ரக்ரரை முந்தேக்க, ஏத்தத்தில இழுவை காணாமப் போகேக்கதான் ரேஸ் குடுத்துக் குறைக்கிறது. கிளச் அடிமட்டும், கியர் இரண்டுக்கு, கிளச் அமந்தபடியே அக்சிலேற்றரை ஒரு சின்னத் தட்டுத் தட்டி, எஞ்சின் மேல ஏறின அந்தக் கணத்தில கிளச்சை விடுறது. எல்லாம் ஒரு செக்கனுக்குள்ள முடியும்.

மீற்றர் இல்லாட்டில் காது போதும். கண்ணாடி இரண்டையும் இறக்கி, சனமில்லாத நேர் றோட்டில இரண்டாம் கியரில 30ஐ அப்பிடியே பிடிச்சுக்கொண்டு போய் எஞ்சின் சத்தத்தை வடிவாக் கேளுங்கோ. பிறகு அதே 30இல மூண்டைப் போடுங்கோ, சத்தம் இறங்கும். இப்ப திரும்ப இரண்டுக்கு வரேக்க, முதல் கேட்ட சத்தம் வருமட்டும் ரேஸைத் தட்டிக் கிளச்சை விடுங்கோ. 30இல பழகி முடிஞ்சாப் பிறகு 40க்குப் போங்கோ.

கிளச் விட்டவுடன மூக்குக் குத்தினா ரேஸ் காணாது. கார் முன்னுக்குத் தாவினா ரேஸ் கூட. ரேஸ் சரியாக் குடுத்தும் குத்தினா, தட்டினதுக்கும் விட்டதுக்கும் இடையில சுணங்கிப் போனியள், சுத்து திரும்ப விழுந்திட்டுது.

வடமராட்சி:

இவ்வளவு பாடு எதுக்கு? சந்திக்கு 50 மீற்றருக்கு முன்னாலயே நியூற்றலில விட்டுப் பிரேக் பிடிச்சா ஒரு குத்தும் இல்லை. பெற்றோலும் மிச்சம்.

தென்மராட்சி:

பெற்றோல் மிச்சமில்லை, அண்ணை. பெற்றோலைக் கம்பியூட்டர் அளந்து விடுற இஞ்செக்சன் எஞ்சினெண்டால் கியரில விட்டு அக்சிலேற்றரில இருந்து காலை எடுத்தவுடன பெற்றோல் விடுறதையே நிப்பாட்டும். நியூற்றலில விட்டால்தான் எஞ்சின் அணையாம இருக்கிறதுக்குப் பெற்றோல் எரியுது. ஒழுங்கையில இருந்து சைக்கிளோ மாடோ திடீரெண்டு வந்து, விலத்தி முன்னால எடுக்க வேணுமெண்டாலும் கையில கியர் இல்லை. முழுசா நிக்கப் போறதெண்டால் கடைசி ஐஞ்சாறு மீற்றரில கிளச்சை அமத்தினாப் போதும்.

கராஜ் பக்கம்:

'கர்ர்' சத்தத்துக்கு வாறன். அல்டோவுக்குக் கிளச் கேபிள். கேபிள் இழுபட்டு நீண்டால், பெடலை அடிமட்டும் அமத்தினாலும் பிளேட் முழுசாக் கழராது. அரைகுறையாச் சுத்திக்கொண்டிருக்கிற கியர்ல இரண்டு போய் விழேக்க சிங்குரோ, அதாவது கியர் விழ முதல் இரண்டு பக்க வேகத்தையும் ஒண்டாக்கிற வளையம், கத்தும். இதை அப்பிடியே விட்டா இரண்டாம் கியரின்ர சிங்குரோ வளையம் தேஞ்சு, கியர் பொக்ஸ் இறக்கிற வேலையா வரும்.

வீட்டிலயே பாக்கலாம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கார் அசையாம நிக்க, கிளச்சை அடிமட்டும் அமத்தி நாலு செக்கன் எண்ணிப்போட்டு ரிவேர்ஸைப் போடுங்கோ. சத்தமில்லாம விழ வேணும். அப்பவும் கத்தினாக் கிளச் கழரேல்லை. ரிவேர்ஸ் அமைதியா விழுந்து, ஓடேக்க இரண்டு மட்டும் கத்தினாச் சிங்குரோவையும் கியர் ஒயிலையும் பாக்க வேணும். ஒயில் ஜீஎல்-4 தரம், 75டபிள்யூ-90. கையில இருக்கு எண்டதுக்காக டிபரென்சலுக்கு விடுற ஜீஎல்-5 ஐ விட வேண்டாம். அதில இருக்கிற சில ரசாயனம் பித்தளைச் சிங்குரோ வளையத்துக்குக் கூடாது.

பெடலின்ர வெறும் அசைவையும் அளவுங்கோ. அடிமட்டத்தைப் பெடலுக்குப் பக்கத்தில பிடிச்சு, விரலால அமத்தி, கனம் தெரியிற இடம் வரைக்கும் எவ்வளவு இறங்குது எண்டு பாருங்கோ. இந்த வகைக் கார்களுக்குப் பொதுவா 15 தொடக்கம் 25 மில்லிமீற்றர். சரியான கணக்குக் காரோட வந்த கைநூலில இருக்கும்.

இன்னொண்டு. முதலாம் கியரில புறப்படேக்கயும் கார் நடுங்கினா அது ரேஸ் பிரச்சினை இல்லை. பிளேட்டில ஒயில் பட்டிருக்கும், இல்லாட்டி எஞ்சினைத் தாங்கிற மவுண்டிங் ரப்பர் போயிருக்கும். பொனெட்டைத் திறந்து வைச்சு, ஹாண்ட் பிரேக்கை இறுக்கி, முன்னால ஒருதரும் நிக்காம, ஒராள் உள்ளுக்க இருந்து முதலாம் கியரிலயும் பிறகு ரிவேர்ஸிலயும் கிளச்சைத் துளி விட்டுப் பாக்கட்டும். எஞ்சின் ஒரு பக்கமாத் தூக்கி எழும்பினால் மவுண்டிங்தான். மவுண்டிங் போன காரில எவ்வளவு வடிவாக் கியர் குறைச்சாலும் குத்தும்.

கொக்குவில்:

பாத்தாச்சு. ரிவேர்ஸும் கத்துது. வெறும் அசைவு 40 மில்லிமீற்றர். புறப்படேக்க நடுக்கமில்லை, மவுண்டிங்கும் அசையேல்லை.

கராஜ் பக்கம்:

அப்ப கேபிள்தான். கியர் பொக்ஸ் பக்கம், கிளச் நெம்பில கேபிள் முடியிற இடத்தில ஒரு நட் இருக்கும். எஞ்சின் ஆறினாப் பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, ஒவ்வொருக்காவும் பெடலைப் பத்துத் தரம் அமத்தி விட்டு அளவுங்கோ. 20இல நிப்பாட்டுங்கோ. வெறும் அசைவே இல்லாம இறுக்கினா, பிளேட்டைக் கழற்றிற ரிலீஸ் பெயரிங் எந்நேரமும் அமந்தபடி இருக்கும், பிளேட்டும் வழுக்கத் தொடங்கும். நட் மரை முடியுமட்டும் வந்திட்டுது, இல்லாட்டிக் கேபிள் நார் விட்டிருக்கு எண்டால் இறுக்காதேங்கோ. புதுக் கேபிள் போடுங்கோ. நுவரெலியா மலையில கேபிள் அறுந்தாக் கிளச்சே இல்லை.

பழைய ஏ40:

சிங்குரோ தேஞ்ச காருக்கும், எங்கட பக்கம் இன்னும் ஓடுற மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 மாதிரி முதலாம் கியருக்குச் சிங்குரோவே இல்லாத கார்களுக்கும் இரட்டைக் கிளச் தெரிஞ்சிருக்க வேணும். கிளச்சை அமத்தி நியூற்றலுக்கு எடுங்கோ. நியூற்றலில கிளச்சை முழுசா விட்டு ரேஸைத் தட்டுங்கோ. திரும்ப அமத்திக் கீழ்க் கியரைப் போட்டு விடுங்கோ. நியூற்றலில கிளச்சை விட்டு ரேஸ் குடுக்கிறதாலதான் கியர் பொக்ஸுக்குள்ள இருக்கிற தண்டும் வேகம் எடுக்குது. கிளச் அமந்திருக்கேக்க ரேஸ் குடுத்தா எஞ்சின் மட்டும்தான் சுத்தும். உங்கட அல்டோவுக்குக் கேபிள் சரியெண்டால் இது தேவையில்லை. முதலாம் கியரை ஓடிக்கொண்டிருக்கேக்க போடுறதெண்டால் வேகம் 10க்குக் கீழ வரட்டும்.

கொக்குவில்:

20 மில்லிமீற்றருக்கு எடுத்தாச்சு, ரிவேர்ஸ் சத்தமில்லாம விழுது. 30இல ரேஸ் தட்டியும் வருது. பிரேக்கில விரலும் அக்சிலேற்றரில குதிக்காலுமா ஒரே நேரத்தில மிதிக்கிறதையும் பழக வேணுமோ? மலையில எந்தக் கியர்?

தென்மராட்சி:

அது பந்தய ஓட்டத்துக்கு. றோட்டில தேவையில்லை. பிரேக்கில இருந்து கால் வழுக்கினா ஆபத்துத்தான் மிச்சம்.

யாழ்ப்பாணத்துத் தட்டை றோட்டில மலை பழக ஏலாது, அதால கணக்கைப் போக முதலே மனசில வையுங்கோ. ஏ9இல மாத்தளை தாண்டிக் கண்டிக்குக் கிட்ட பலக்கடுவவில முடக்கோட சேந்த ஏத்தம் வரும். எஞ்சின் திணற முதலே, முடக்குக்கு வெளியில வைச்சு இரண்டைப் போடுங்கோ. முடக்குக்குள்ள கியர் மாத்தாதேங்கோ. நுவரெலியாவில இருந்து றம்பொடைப் பக்கத்தால இறங்கேக்க, ஏறேக்க எந்தக் கியர் தேவைப்பட்டிச்சோ அதே கியர், பெரும்பாலும் இரண்டு. வேகம் ஏறினாப் பிறகு குறைக்கிறதில்லை. இறக்கம் தொடங்க முதலே போட வேணும். பிரேக்கை எந்நேரமும் உரசிக்கொண்டு வராம, இறுக்கிப் பிடிச்சு வேகத்தைக் குறைச்சு விடுங்கோ. உரசிக்கொண்டே வந்தா பிரேக் சூடேறிக் கருகின மணம் வரும், பிறகு பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். மணம் வந்தா ஒதுக்கி நிப்பாட்டி ஆற விடுங்கோ, தண்ணி ஊத்த வேண்டாம்.

மழை றோட்டிலயும் மணல் கிடக்கிற ஒழுங்கையிலயும் ரேஸ் குடுக்காமக் கியரைக் குறைச்சுக் கிளச்சை டக்கெண்டு விட்டா முன் சில்லு வழுக்கும், ஸ்டியரிங் கேக்காது. பின் சில்லு இழுக்கிற ஹயஸ் மாதிரி வான்களுக்கு வாலடிக்கும்.

ஐஞ்சில இருந்து நாலுக்கு வரேக்க கவனம். கியர்த் தடியைக் குத்திப் பிடிச்சு இடப்பக்கம் தள்ளாதேங்கோ. உள்ளங்கையைத் தளரவிட்டு நேர பின்னுக்கு இழுங்கோ; தடியை நடுவுக்குக் கொண்டுவாறது ஸ்பிரிங்கின்ர வேலை. இடப்பக்கம் தள்ளினா நாலுக்குப் பதிலா இரண்டு விழும். 80இல இரண்டு விழுந்து கிளச்சும் விட்டா எஞ்சின் 6,000ஐத் தாண்டிச் சுத்தி வால்வு வளையவும் கூடும். அப்பிடி விழுந்ததாச் சந்தேகம் வந்தாக் கிளச்சை விடாதேங்கோ, அமத்தினபடியே நியூற்றலுக்கு எடுத்துத் திரும்பப் போடுங்கோ.