செக்ரட்டேரியட்டுக்குப் பெயர் வைத்தது யார்?

பெல்மான்ட்31:
"அமெரிக்கப் பந்தயக் குதிரைக்கு செக்ரட்டேரியட் என்ற பெயரைத் தேடிப்பிடித்தவர் அதன் உரிமையாளர் பென்னி செனரி" என்று நேற்று ஒருவர் அடித்து எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. வைத்தவர் அது பிறந்த மெடோ பண்ணையின் செயலர் எலிசபெத் ஹாம். அவர் அனுப்பிய பெயர்களை, குதிரைப் பெயர்களைப் பதிவு செய்யும் ஜாக்கி கிளப் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுபடி செய்தது. கடைசியில், ஜெனீவாவில் உலக நாடுகள் சங்கத்தின் செயலகத்தோடு (ஆங்கிலத்தில் செக்ரட்டேரியட்) தமக்கிருந்த பழைய தொடர்பை நினைத்து அவர் எழுதி அனுப்பிய பெயர்தான் தேறியது.

லாயத்துக்காரன்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். விண்ணப்பத்தை யார் எழுதினால் என்ன? குதிரை யாருடையதோ, பெயரும் அவர் வைத்ததுதான். செயலர் சம்பளத்துக்கு வேலை செய்தார், அவ்வளவுதான்.

பெல்மான்ட்31:
ஹாம். எலிசபெத் ஹாம். உரிமையாளர்தான் என்று நீங்கள் அடம்பிடித்தால் அதுவும் பென்னி இல்லையே! 1970 மார்ச் 30 அன்று குட்டி பிறந்தபோது பண்ணை அவருடைய தந்தை கிறிஸ்டபர் செனரியுடையது. 1973 ஜனவரியில் இறக்கும்வரை அவர் நோயாளி. உங்கள் சட்டப்படி படுக்கையிலிருந்து எழுந்து வந்து பெயர் சூட்டினாரா?

பழையபேப்பர்:
அந்த வருடங்களில் பென்னி கணவர் பெயரோடு பென்னி ட்வீடி. செனரி என்று எழுதும் இருவருக்குமே பூஜ்யம்.

லாயத்துக்காரன்:
வந்துவிட்டார், இனி திருமணப் பதிவேட்டையும் புரட்டுவோம். மேன் ஓ வார் என்ற பழைய பந்தயக் குதிரையைப் பாருங்கள். அதை வளர்த்த ஆகஸ்ட் பெல்மான்ட் 1917இல் போர்ப் பணிக்குப் போனார். அந்த வருடம் பிறந்த குட்டிக்கு மனைவி எலினார் பெயர் வைத்தார். குடும்பத்தார் வைப்பதுதான் முறை.

பெல்மான்ட்31:
எலினார் வைத்ததை எலினார் வைத்தார் என்கிறீர்கள், கணவர் கணக்கில் எழுதவில்லை. ஹாம் வைத்ததை மட்டும் ஏன் முதலாளியம்மா கணக்கில் எழுதுகிறீர்கள்? ஹாம்!

சரடோகா:
மேன் ஓ வார் 21 பந்தயங்களில் 20 வென்றது. உங்கள் ஆள் 21இல் 16. அதிலும் 1973 விட்னி பந்தயத்தில் தோற்றது ஆனியன் என்ற குதிரையிடம். வெங்காயத்திடம் தோற்ற குதிரைக்கு யார் பெயர் வைத்தால் என்ன?

பெல்மான்ட்31:
அன்று அதற்குக் காய்ச்சல். அதே வருடம் பெல்மான்ட் பந்தயத்தில் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடியில் ஓடி, 31 குதிரை நீளத்தில் வென்றதே? அந்த நேரத்தை இன்றுவரை எந்தக் குதிரையும் அங்கே முறியடிக்கவில்லை. உங்கள் மகாராஜா மேன் ஓ வார் 1919இல் அப்செட் என்ற குதிரையிடம் தோற்றதை மறந்துவிட்டீர்களா?

சரடோகா:
130 பவுண்டு சுமந்து தோற்றது. அப்செட் சுமந்தது 115. எடையைச் சொல்லாமல் தோல்வியை மட்டும் சொல்வது உங்கள் வழக்கம்.

லாயத்துக்காரன்:
வழக்கம்தான். நியூசிலாந்தில் பிறந்த ஃபார் லாப்பை ஆஸ்திரேலியக் குதிரை என்று ஒரு வாரம் சாதித்தவர் ஆயிற்றே இவர்! அப்போது பிறந்த ஊர் முக்கியமில்லை, இப்போது பெயர் எழுதிய கை முக்கியமாம்.

பெல்மான்ட்31:
ஃபார் லாப் 1930இல் மெல்போர்ன் கோப்பையை வென்ற குதிரை. எலும்புக்கூடு வெலிங்டனில் இருந்தாலும் தோல் மெல்போர்னில், இதயம் கான்பெராவில். மூன்றில் இரண்டு எங்கள் பக்கம்.

லாயத்துக்காரன்:
"எங்கள்" பக்கமா? எப்போது குடியேறினீர்கள்?

பெல்மான்ட்31:
பேச்சை மாற்ற வேண்டாம். ஹாம்.

பழையபேப்பர்:
ட்வீடி.