சுண்டெலியின் பின்னங்கால் வீக்கம்: சண்டையா, நோயா?

கேத்திக்காரி:
ஊட்டியில் எம்.பார்ம் படிக்கிறேன். 24 ஸ்விஸ் அல்பினோ ஆண் சுண்டெலிகள், கூண்டுக்கு ஆறு. மூன்று எலிகளுக்கு ஒரு பின்னங்கால் மட்டும் கணுக்காலுக்குக் கீழே வீங்கியிருக்கிறது. ஒன்று காலைத் தூக்கியே நடக்கிறது. வியாழக்கிழமை பாதத்தில் வீக்கம் உண்டாக்கும் கேராஜீனன் ஊசி போட்டு, மருந்தால் அந்த வீக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளக்க வேண்டும். முன்பே வீங்கிய காலை வைத்துக்கொண்டு நான் எதை அளப்பது? "இன்னொரு காலில் போட்டுவிடு" என்கிறார் வழிகாட்டி. மனம் ஒப்பவில்லை.

குன்னூர் உமிக்கூடை:
தங்கச்சி, அந்த மூன்றையும் ஆய்விலிருந்து எடுத்துவிடு. வலியில் இருக்கும் உடம்பு மருந்துக்கு நேர்மையாகப் பதில் சொல்லாது. ஆண் எலிகள் சண்டையிட்டால் கடி பெரும்பாலும் முதுகிலும் வாலடியிலும் இருக்கும். அங்கே காயம் உண்டா? கம்பி மூடியில் கால் சிக்கித் திருகினாலும் வீங்கும். பக்கத்து அறையில் 'ரேட்' எனப்படும் பெரிய ஆய்வக எலிகள் உண்டா? அவற்றின் வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோபேசில்லஸ் மோனிலிபார்மிஸ் என்ற பாக்டீரியா சுண்டெலிக்குத் தொற்றினால் மூட்டு வீங்கிவிடும். மனிதரைக் கடித்தாலும் காய்ச்சல் வரும், கையுறை இல்லாமல் தொடாதே.

கோத்தகிரி கால்நடை:
தொற்று என்றால் ஒரே காலோடு நிற்பது அரிது. வீக்கம் எங்கே தொடங்குகிறது? மோதிரம் போட்டது போல ஒரு கோடு தெரிகிறதா? பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கூண்டில் என்ன போட்டிருக்கிறீர்கள்?

கேத்திக்காரி:
உமிதான். ஆனால்... ஹீட்டர் பழுதாகிப் பத்து நாளாகிறது. காலையில் அறை 14 டிகிரி. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியலாகக் கிடந்தன. பார்க்கப் பொறுக்காமல் மருந்துக்கடைப் பஞ்சுச்சுருளைப் பிய்த்துப் போட்டேன்.

கோத்தகிரி கால்நடை:
அதுதான். குளிர் அவற்றுக்கு ஆகாது என்பது சரி. ஏறத்தாழ 30 டிகிரியில்தான் சுண்டெலிக்கு உடம்பு நிம்மதியாக இருக்கும், நாமோ சாதாரண நாளிலேயே 20, 24 டிகிரியில் வைத்திருக்கிறோம். ஆனால் பஞ்சிழை முறுகி நூலாகிக் காலைச் சுற்றிக்கொள்ளும். வீங்க வீங்க இறுகும், ரத்தம் போகாது. ஒருவர் பிடிக்க, இன்னொருவர் நுனி மழுங்கிய சிறு கத்தரியால் வெட்டுங்கள். வலிமருந்தின் அளவை உங்கள் விலங்குக்கூட மருத்துவரிடம் கேளுங்கள், நானாகச் சொல்லமாட்டேன். பாதம் கறுத்திருந்தால் அதைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

குன்னூர் உமிக்கூடை:
நானும் ஒரு மார்கழியில் பஞ்சு போட்டவன்தான். டிஷ்யூ காகிதம் போடு, கிழிப்பதை அவை பார்த்துக்கொள்ளும். ஹீட்டருக்கு எழுத்தில் புகார் கொடு, நகல் வைத்துக்கொள்.

கேத்திக்காரி:
மூன்றிலும் நூல் இருந்தது. ரோமத்துக்குள் புதைந்திருந்ததால் வெறுங்கண்ணுக்குத் தெரியவே இல்லை. இரண்டுக்கு வெட்டி எடுத்தோம், இன்று பாதம் இளஞ்சிவப்பாகிவிட்டது. மூன்றாவதுக்குப் பாதம் கறுத்துவிட்டது. மருத்துவர் வந்து வலியில்லாமல் முடித்தார், நான் வெளியே நின்றேன். நெறிக்குழுவுக்கு நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன், வழிகாட்டி இரண்டு நாளாகப் பேசவில்லை. ஊசி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. டிஷ்யூ போட்ட அரை மணியில் பந்து போலக் கூடு கட்டிவிட்டன.