நூல் அட்டை என்ற கடல் அட்டை கக்கும் வெள்ளை நூல் குடலா?

முத்துச்சிப்பி:
மன்னார் வளைகுடாவில் கிடைக்கிற நூல் அட்டையை (வெள்ளரிக்காய் போன்ற உடல்கொண்ட கடல் அட்டைகளில் ஒரு வகை) சீண்டினால் பின்பக்கமாகச் சேமியா போல வெள்ளையாக வருகிறதே, அது குடலா? குடல் என்றால் அது எப்படிப் பிழைக்கிறது? இன்னொரு வகையான வெள்ளை அட்டையும் இப்படிச் செய்யுமா?

நீரோட்டம்:
குடல் இல்லை. கூவியர் குழல்கள் என்று பெயர். கடல் அட்டை மூச்சு விடுவதே ஆசனவாய் வழியாகத்தான். உள்ளே மரம்போல் கிளைத்திருக்கும் சுவாச உறுப்பின் அடியில் இந்தக் குழல்கள் கொத்தாக இருக்கும். நண்டு வந்து கிள்ளினால் அட்டை உடம்பை வளைத்து ஆசனவாயை அதன் பக்கம் திருப்பும். உடம்பு இறுகியதும் உள்ளே இருக்கும் நீரின் அழுத்தம் குழல்களை வெளியே தள்ளும். ஐரோப்பியக் கடல்களில் உள்ள ஹோலோதூரியா ஃபோர்ஸ்காலி இனத்தில் ஒரு குழல் 20 மடங்கு வரை நீள்கிறது. எதன்மேல் பட்டாலும் சில நொடிகளில் ஒட்டிக்கொள்ளும். நண்டு சிக்கிக் கிடக்கும்போது அட்டை நகர்ந்துவிடும். எல்லாக் குழல்களையும் ஒரே தடவையில் விடாது, கொஞ்சம் மிச்சம் வைக்கும். போனவை சில வாரங்களில் முளைக்கும்.

உப்புக்காற்று:
குடலைக் கக்குவது வேறு வேலை. நம் பக்கத்து அட்டைகள் குடலையும் சுவாச உறுப்பையும் ஆசனவாய் வழியாகவே தள்ளும். சில இனங்கள் வாய்ப்பக்கமாகத் தள்ளும். மறுபடி வளர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதுவரை இரை எடுக்க முடியாது. வளர்ப்புத் தொட்டியில் நீர் சூடேறினாலும், ஆக்சிஜன் குறைந்தாலும், முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் எதிரியே இல்லாமல் இது நடக்கும். கக்கியதை உடனே அள்ளி எடுத்து நீரையும் மாற்ற வேண்டும். அதிலுள்ள ஹோலோதூரின் என்ற சப்போனின் வகை நஞ்சு மீன்களின் செவுளைச் சிதைத்துக் கொன்றுவிடும்.

முத்துச்சிப்பி:
வெள்ளை அட்டை?

நீரோட்டம்:
அதற்குக் கூவியர் குழலே கிடையாது. தடித்த தோல், அதிலுள்ள நஞ்சு, மணலில் புதைதல், இவ்வளவுதான். தொட்டவுடன் கல்லாக இறுகுவது தசையால் மட்டும் இல்லை. தோலிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகளுக்கு இடையிலான பிணைப்பை நரம்பு மாற்றுவதால். குச்சி அட்டைக்கும் குழல் கிடையாது. தேய்த்தால் சிவப்புச் சாயம் விடும்.

உப்புக்காற்று:
சோதித்துப் பார்க்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இந்தியாவில் 2001 முதல் கடல் அட்டை பிடிக்கத் தடை. நூல் பட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள், எரியும்.